டீச்சர் சொன்னபடியே

அரையாண்டு விடுமுறை முடிந்த முதல் நாளே சுடலைமணியும் மனைவியும் மகளோடு வகுப்புக்குள் வந்ததும், ஆசிரியை விஜயஸ்ரீக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளை படிப்பில் அக்கறை காட்டும்படி அவர்களிடம் தொண்டை வறளச் சொன்னவள் அவள்தானே!

“லீவு பூரா பக்கத்துல உக்காந்து படிக்க வச்சோம் டீச்சர்.”

பிரதிக்ஷா பாடத்தைத் தடங்கலின்றி வாசித்தாள். விஜயஸ்ரீ பூரித்துப்போனாள்.

“கெட்டிக்காரி! இவளை விட்டுராதீங்க, நல்லாப் படிக்க வைங்க.”

“அதான் டவுன்ல இங்கிலீஷ் மீடியத்துல சேத்துட்டோம். டிசி வாங்கத்தான் வந்தோம்.”

“இங்கனயே இருக்கட்டுமே…”

“நீங்கதான டீச்சர் அக்கறை காட்டச் சொன்னிய?”

விஜயஸ்ரீ டிசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அவர்கள் போனதும் சத்துணவு அக்கா எட்டிப் பார்த்தாள்.

“இருந்த ஒத்தப் பிள்ளையும் போயிட்டே டீச்சர். இனி நான் யாருக்கு உலை வைக்க?”