மஞ்சு கொடுக்காத சேலை

"பாத்தியாடி ஆர்த்தி இந்த அநியாயத்த? நான் ஒரு துண்டுத் துணி கேட்டப்ப இல்லேன்னவ, இப்ப மூட்டையா அள்ளிக் கொட்டுறா!"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுமதி பொருமினாள்.

எதிர்வீட்டு வாசலில், பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிறவரின் பைக் நின்றது. மஞ்சு சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் காட்டன். துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆனவை. பச்சைக்குழந்தை உடம்புக்கு அப்படி ஒரு துணி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். சுமதிக்கு வயிறு எரிந்தது.

"விடும்மா. அவங்க துணி, அவங்க இஷ்டம்," என்றாள் ஆர்த்தி. நிறைமாதம். பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"என்னத்த விடுறது? போ அங்குட்டு!"

ஆர்த்திக்கு ரெண்டு தடவை கலைந்துபோய், மூன்றாவதாகத் தங்கிய கரு. அப்படி வருகிற பிள்ளையைப் புதுத்துணியில் போடக்கூடாது, பல வீட்டில் பழந்துணி கேட்டு வாங்கி, ஒட்டுப் போட்டுத் தைத்த மெத்தையில்தான் போட வேண்டும் என்பது சுமதி வீட்டு வழக்கம். அந்த வீடுகளின் நல்லதெல்லாம் பிள்ளைக்கு வந்து சேருமாம்.

சுமதியும் கூச்சம் பார்க்காமல் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். குரும்பலூரில் அப்படி ஒரு தெரு அமைந்ததற்கு அவள் சாமிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஒருத்தர் முகம் சுளிக்கவில்லை. பொன்னாயி தன் பிள்ளைகளுக்கெல்லாம் தூளி கட்டிய சேலையைப் பெட்டிக்கு அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தாள். சாந்தி மேரி டீச்சர், "ஏலாக்குறிச்சி மாதாவ வேண்டிக்கிட்டுத் தரேன், சுமதி. எல்லாம் நல்லபடியா நடக்கும்," என்று தன் வெள்ளைச் சேலையை மடித்துக் கையில் வைத்தார். ஒவ்வொரு துண்டையும் ஒட்டும்போது கொடுத்தவர் பேரைச் சொல்லி, "மகராசி, நீ நல்லாருக்கணும்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் தைத்தாள் சுமதி. தலைமாட்டில் ஒரு துண்டு வைத்தால் மெத்தை முடிந்துவிடும்.

மஞ்சு மட்டும்தான், "பழசு ஒண்ணும் இல்லக்கா," என்று நின்ற இடத்திலேயே அனுப்பிவிட்டாள். அவளும் புருஷன் செல்லதுரையும் மட்டும் இருக்கிற வீடு. பீரோ நிறையச் சேலை இருப்பது ஊருக்கே தெரியும்.

பைக் கிளம்பியது. மஞ்சு ஒரு பெரிய எவர்சில்வர் பேசனோடு உள்ளே போனாள்.

"பேசனுக்கு ஆசப்பட்டுத்தான் இல்லேன்னுருக்கா! வரட்டும், நாலு வார்த்த நறுக்குன்னு கேக்குறேனா இல்லியா பாரு."

கேட்பதற்கு அவள் போகவே வேண்டியிருக்கவில்லை. சேலைத்தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மஞ்சுவே வந்து நின்றாள். உள்ளே வராமல், பேசனை மட்டும் படியில் வைத்தாள்.

"அக்கா, இது ஆர்த்திக்கு. புள்ளையக் குளிப்பாட்டையில வெந்நி வெளாவ ஆவும்."

சுமதி ஒரு நிமிஷம் திகைத்துப்போனாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"ஏம்மா மஞ்சு, இதுக்கு நான் கேட்ட அன்னைக்கே அந்தச் சேலையில ஒரு துண்டு கிழிச்சுக் குடுத்திருக்கலாமே? இல்லேன்னு பொய் சொன்னியே!"

மஞ்சு தலையைக் குனிந்துகொண்டாள்.

"துணி வேணாம்க்கா. எனக்குத்தான் ஒண்ணும் தங்கல. என் ராசி எதுக்குப் பச்சப்புள்ள மேல பட்டுக்கிட்டு? துணின்னா கூடவே கெடக்கும். பாத்திரம்னா ஒரு கழுவு கழுவிட்டு எடுத்துக்கலாம்ல, அதான்..."

சுமதிக்குப் பதறிப்போயிற்று.

"அடிப் பாவி மவளே! உன் ராசி ஆவாதுன்னு எவ சொன்னா? பேரச் சொல்லு, அவ நாக்க இழுத்து வச்சு அறுக்குறேன்!"

"யாரும் சொல்லலக்கா," என்றாள் மஞ்சு மெதுவாக. "வளைகாப்புக்குத் தெருவுல எல்லாரையும் கூப்புட்டீங்க. எங்க வூட்ட மட்டும் தாண்டிப் போனீங்க. அப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு."

சுமதி தெரியாமல் தாண்டவில்லை. தெரிந்தேதான் தாண்டினாள்.

தாண்டிப்போனவளின் பேரப்பிள்ளைக்காக இவள் தன் சேலையையெல்லாம் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். சுமதிக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. மஞ்சுவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து ஆர்த்தி பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இவள விடாத, ஆர்த்தி. காப்பி போட்டுக் குடு. இதோ வந்துடுறேன்."

செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் ஓடினாள். வழியில் வீட்டுக்கு வீடு நின்று நின்று போய்க்கொண்டிருந்த பாத்திரக்காரரை, முக்குத் திரும்புவதற்குள் பிடித்துவிட்டாள்.

"அண்ணே, நில்லுங்க! எங்க எதிர்வூட்டுல எடுத்தீங்களே, அதுல ஒரு சேலையக் குடுங்க. பதிலுக்கு என் பட்டுச்சேலையத் தரேன். வளைகாப்புக்குன்னு எடுத்தது. ஒரு தடவதான் கட்டுனேன்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, எல்லாரும் பழசக் குடுத்துட்டுப் புதுசு வாங்குவாங்க. நீங்க பட்டக் குடுத்துட்டுப் பழசக் கேக்குறீங்களே?"

"எங்க புள்ள தல வைக்கிற எடத்துக்கு இதவிட நல்ல துணி இந்த ஊர்லயே கெடையாதுண்ணே," என்றாள் சுமதி.