விட்ட இடம்

ஹராரேயின் மாலை வெயில் சமையலறைத் தரையில் சாய்ந்து கிடக்கிறது. கணவன் ஃபராய் செத்துப்போனதிலிருந்து ஒரு வரிகூடக் கதை எழுத வராத நியாராய், அவனுடைய உம்பிரா வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு, கை போன போக்கில் கட்டைவிரல்களால் மீட்டுகிறாள். இரும்புப் பட்டைகள் அதிர, சுரைக்குடுக்கையில் கோத்த சோடா மூடிகள் கரகரக்கின்றன. இருவர் சேர்ந்து உம்பிரா வாசித்தால், ஒருவர் விடும் இடைவெளியில்தான் இன்னொருவர் வாசிப்பார். அவளும் தன்னையறியாமல் அவனுக்கு இடம் விட்டுவிட்டே வாசிக்கிறாள். செத்தவர்களை அழைக்கவும் இதைத்தான் வாசிப்பார்கள். வேலிக்கு அப்பால் கொடியிலிருந்து துணி எடுக்கும் பக்கத்து வீட்டு செகாய் கத்துகிறாள்: "ஏ எழுத்தாளரம்மா! இத்தனை நாளா காதைக் கிழிச்சே, இன்னைக்கு அம்சமா இருக்கே! கூட வாசிக்கிறது யாருடி?" வீட்டில் நியாராய் மட்டும்தான். நிறுத்தினால் ஃபராய் போய்விடுவான். நியாராய் அடுத்த இடைவெளியை இன்னும் கொஞ்சம் அகலமாக விடுகிறாள்.