நிலாவெளி பஸ்ஸில் ஒரு பொதி

பழுப்புக் கடதாசியில் சுற்றிய பொதியை ஆனந்தராசா முன்னிருக்கையின் அடியில் காலால் தள்ளினார். ஒருவரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, இரண்டு வரிசை பின்னால் போய் உட்கார்ந்தார். திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும் பஸ் புறப்பட்டது.

பொதிக்குள் இருந்தது மண்ணும் இரண்டு துண்டு வயரும்தான். பொதுப் போக்குவரத்தின் பாதுகாப்பை மேம்படுத்தக் கொழும்பில் அமைத்த குழுவில் அவர் ஓர் அதிகாரி. வேறோர் ஊரில் பஸ்ஸில் குண்டு வெடித்துச் சனம் செத்த பிறகு, ‘சந்தேகமான பொதியைக் கண்டால் உடனே அறிவியுங்கள்’ என்று வண்டிகளில் நோட்டீஸ் ஒட்டியது அந்தக் குழுதான். அதை யாராவது மதிக்கிறார்களா என்று பார்க்கவே இந்தச் சோதனை. சாம்பல்தீவுப் பாலத்தடி இராணுவ முகாமுக்கு மட்டும் சொல்லிவைத்திருந்தார்.

மதிக்க மாட்டார்கள் என்பது அவர் முடிவு. இந்தச் சனத்துக்கு இடித்துக்கொண்டு ஏறத் தெரியும், மீன் கூடையை அடுத்தவன் காலில் வைக்கத் தெரியும். அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது என்று, முந்தின நாளே விடுதிக் கதிரையில் இருந்து அறிக்கையில் பாதியை எழுதிவிட்டிருந்தார்.

நடைவழிக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயதுப் பெண்ணொருத்தி மகளோடு இருந்தாள். மகள் தாயின் காதில் ஏதோ சொன்னாள். தாய் எழும்பிப் போய் நடத்துநரிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் மகளை யன்னல் பக்கம் தள்ளிவிட்டு, அவருக்கு நேரே இருந்து கதைக்கத் தொடங்கினாள்.

“தம்பி எந்த ஊர்?”

“கொழும்பு.”

“என்ர தங்கச்சியின்ர மனுசனும் கொழும்பிலதான். என்னை அன்னலட்சுமி எண்டு சொன்னா அவருக்குத் தெரியும். நீங்கள் கலியாணம் முடிச்சிட்டீங்களோ?”

இரண்டு வரிசை முன்னால் பொதி கிடக்கிறது. இவள் கலியாணம் விசாரிக்கிறாள். ஆனந்தராசா மனதுக்குள் அறிக்கைக்கு ஒரு வரி சேர்த்தார்.

நடத்துநர் ஒவ்வோர் இருக்கையாகக் குனிந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்தார். உப்புவெளியில் பஸ் நின்றது. சிலர் இறங்கினார்கள்.

“பிள்ளை, நீ பெரியம்மா வீட்டை இறங்கு. நான் பின்னேரம் வாறன்” என்றாள் அன்னலட்சுமி.

“அம்மா, நீங்களும் வாங்கோ.”

“சொன்னதைக் கேள். இறங்கு.”

மகளின் கண் நிறைந்துவிட்டது. வளர்ந்த பெட்டை, பெரியம்மா வீட்டுக்குப் போக அழுகிறாள். ஆனந்தராசாவுக்குச் சிரிப்பு வந்தது.

அன்னலட்சுமி விட்ட இடத்தில் தொடங்கினாள். கூரை ஒழுகுகிறதாம். வாங்கின பசு கறக்க விடுதில்லையாம். அவர் தலையைத் திருப்பினால், “கேளுங்கோ தம்பி” என்று இழுத்துப் பிடித்தாள். இப்படி ஒரு வாயை அவர் கண்டதில்லை.

அலஸ் தோட்டத்தில் இன்னும் கொஞ்சப் பேர். அதற்கடுத்த தரிப்பில் இன்னும் கொஞ்சப் பேர். நடந்தே வரக்கூடிய தூரத்துக்குப் பஸ் ஏறுகிற சோம்பேறிகள். ஒரு கிழவர் தன் மரவள்ளிக்கிழங்குச் சாக்கையே விட்டுவிட்டு இறங்கிப் போனார். சொந்தச் சாமானையே மறக்கிறவர்கள் அடுத்தவன் பொதியையா பார்க்கப் போகிறார்கள்?

பாலத்துக்கு முன்னால், வெறும் வெளியில், பஸ் நின்றது. “எஞ்சின் சூடாப் போச்சு. தண்ணி எடுத்துக்கொண்டு வாறம்” என்று சாரதியும் நடத்துநரும் வாளியோடு இறங்கினார்கள்.

பஸ்ஸில் இரண்டே பேர். அன்னலட்சுமிக்குத் தொண்டை கட்டி, குரல் கீச்சிட்டது. ஆனாலும் பசுவை விடவில்லை.

போதும் என்று ஆனந்தராசா எழும்பினார்.

“இருங்கோ தம்பி, நான் சொல்லி முடிக்கேல்லை.”

அவர் கேட்கவில்லை. பொதியை இழுத்தெடுத்து அவள் முன்னால் வைத்து, கடதாசியைக் கிழித்தார். அவள் கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“பயப்பிடாதேங்கோ. மண்தான்” என்றார். அடையாள அட்டையைக் காட்டித் தான் யார் என்று சொன்னார். “ஒரு பஸ் நிறையச் சனம். ஒருத்தருக்கும் கண் இல்லை. நீங்கள் இவ்வளவு கிட்ட இருந்தும் வாய் மூடாமல் கதைச்சீங்களேயொழிய, குனிஞ்சு பாக்கேல்லை. இது உண்மையான குண்டெண்டா?”

அவள் கண்ணைத் திறந்து மண்ணைப் பார்த்தாள். விரலால் கிளறி வயர்த் துண்டுகளைத் தள்ளினாள்.

“நீங்கள் வைக்கேக்கையே மகள் கண்டவள். நான் கொண்டக்டரிட்டச் சொன்னனான். அவர் எல்லாருக்கும் சொன்னவர்.”

ஆனந்தராசா வெற்று இருக்கைகளைப் பார்த்தார். பிறகு யன்னலால் எட்டிப் பார்த்தார். தூரத்தில் ஒரு மதகுக்குப் பின்னால் இரண்டு தலைகள் பதுங்கியிருந்தன.

“என்னட்ட ஒருத்தரும் சொல்லேல்லையே.”

“வைச்ச ஆளிட்டப் போய்ச் சொல்லுறதோ? வைச்சவர் இறங்காமல் இருந்தா, எங்களோட சேர்ந்து சாகத்தான் இருக்கிறார் எண்டு நினைச்சம். சனம் தப்புறதைக் கண்டா அந்த இடத்திலயே வெடிக்க வைப்பீங்கள்.”

“அப்ப நீங்கள் ஏன் இறங்கேல்லை?”

அன்னலட்சுமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். இவ்வளவு நேரமும் இருந்த தம்பி என்ற சொல் அவள் வாயில் இல்லை.

“எல்லாரும் இறங்கி முடியுமட்டும் உங்களோட கதைச்சுக்கொண்டிருக்க ஒராள் வேணுமே.”