பாறை மேல் பதினொரு பேர்

பல்கலைக்கழகத்துக்கு எந்தக் கற்றல் மென்பொருளை வாங்குவது என்று முடிவெடுக்கக் குழு கூடியிருந்தது.

"காப்பியடிச்சா இதுல தப்பவே முடியாது சேர்," என்ற விற்பனையாளர், முந்தைய நாள் வெள்ளோட்டமாக நடந்த ஒன்லைன் பரீட்சையை மாணவர்கள் எங்கிருந்து எழுதினார்கள் என்பதைத் திரையில் வரைபடமாகக் காட்டினார். கம்பளைக்கு மேலே ஒரு தேயிலை மலை. அதன் உச்சியில் பதினொரு சிவப்புப் புள்ளிகள்.

"பதினொரு பேரும் ஒரே இடத்துல கூடி எழுதியிருக்காங்க."

"அவையின்ட பரீட்சை ரத்து. இதையே வாங்குவம்," என்றார் குழுத் தலைவரான பீடாதிபதி. "சுகந்தினி, நீர் என்ன சொல்லுறீர்?"

விரிவுரையாளர் சுகந்தினி அந்த மலையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"ஆட்சேபனை இல்ல சேர்," என்று கையெழுத்திட்டாள்.

வெளியே வந்து, காலையில் படித்த தம்பியின் செய்தியை மறுபடி திறந்தாள்.

"நம்ம தோட்டத்து லயத்துல இன்னும் சிக்னல் இல்லக்கா. நாங்க பதினொரு பேரும் பாறை மேல ஏறித்தான் எழுதினோம்."

தான் கண்டி டவுன்காரி என்றே பல்கலைக்கழகத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தச் செய்தியை அழித்தாள்.