கேட்காமல் கொடுத்த குளிசை

கல்முனைக்குடி பாமசி மருந்துக்கடையின் கண்ணாடி மேசைவரை பகல் வெயில் வந்து கிடக்கிறது. அதன்மேல் முஸ்பிறா இரண்டு குளிசை அட்டைகளை ஓங்கி வைக்கிறாள். ஒன்று, அவள் கணவர் நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைப்பது. மற்றது, அவர் நேற்று இங்கே வாங்கிய ஆண்மைக் குளிசை. சுற்றிக் கொடுத்த பத்திரிகைத் தாள்கூட இன்னும் முழுதாய்க் கழலவில்லை. “ரெண்டும் சேந்து மனிசன் மயங்கி விழுந்து ஆசுப்பத்திரியில கிடக்கார். நெஞ்சு வருத்தம் இருக்கா எண்டு ஒரு வார்த்த கேட்டீங்களா?” பாமசிக்காரர் றிஸ்மி குரலைத் தாழ்த்துகிறார். “கடை நிறைய ஆக்கள் நிண்டாங்க ராத்தா. எப்பிடிக் கேக்கிற?” மருந்துக்கு நிற்கும் ஆண்கள் இருமல் பாணிப் போத்தல்களை உற்றுப் பார்க்கிறார்கள். மேலே மின்விசிறி கடகடக்கிறது. “அதக் கேக்க வெக்கம்,” அவள் குரல் றோட்டுவரை போகிறது. “உசிர் போய் மௌத்தாகியிருந்தா பேரச் சொல்லிப் பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல ஊருக்கே அறிவிச்சிருப்பீங்க. அதுக்கு மட்டும் வெக்கமில்ல.”