ஓரத்தில் நின்றவர்

"சார், வலது ஓரத்துல ஒருத்தர் நிக்கிறாரே, அவர் போயிடுவார். பரவாயில்லையா?"

"போகட்டும். அந்தாளு எங்கயுமே தெரியக் கூடாது" என்றது போனில் அந்தக் குரல்.

எடிட்டருக்குச் சுருக்கென்றது.

எடிட்டர் என்பது மரியாதைக்கு. தெருவில் எல்லோருக்கும் அவர் 'வெட்டுக்கிளி'. ஊரார் வீட்டுக் கல்யாணமெல்லாம் அவர் கம்ப்யூட்டரில்தான் நடக்கும். அவர் வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவ்வளவுதான்.

கடை பூட்டியிருந்த நேரத்தில் யாரோ பக்கத்துக் கடையில் பென் டிரைவையும் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஹெச்.டி.யில் எடுத்த கல்யாண வீடியோ. பழைய பெட்டி டிவியில் ஓடுகிற மாதிரி டிவிடியாக மாற்ற வேண்டுமாம். தரம் குறையக் கூடாதாம்.

"உங்க வீடியோ அகலம் சார். அந்த டிவி சதுரம் மாதிரி. முழுசா அடக்கினா மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை விழும், முகமெல்லாம் பொடிசாயிடும். திரை முழுக்க வேணும்னா ரெண்டு ஓரத்தையும் வெட்டணும்."

"தாராளமா வெட்டுங்க. பொண்ணு முகம் பளிச்சுனு இருக்கணும். அந்தாளு இருக்கக் கூடாது."

போன் வைக்கப்பட்டது.

'நாலு காசு வந்துட்டா சொந்தபந்தம் கண்ணுக்குத் தெரியாதே!' என்று எடிட்டர் பொருமினார்.

வீடியோவை ஓட்டினார். அந்த மனிதர் எல்லாக் காட்சியிலும் ஓரமாகத்தான் நின்றார். சாயம் போன சட்டை. யாரும் அவரிடம் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிடக்கூட ஆளில்லை. அவர் பாட்டுக்குக் கல்யாணப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரோ நொடித்துப்போன சித்தப்பா என்று எடிட்டர் தானாகவே முடிவு கட்டினார். போன வருஷம் தன் அண்ணன் மகன் கல்யாணத்தில் அவரும் இப்படித்தான் நின்றார். "போட்டோவுக்கு வா" என்று ஒரு வாய் வார்த்தை இல்லை.

வேலை சுத்தமாக நடந்தது. ஒவ்வொரு காட்சியாக ஓரத்து மனிதரை வெட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் மட்டும் கை நின்றுவிட்டது.

பெண் எல்லோரையும் விட்டுவிட்டு அந்த ஓரத்துக்கு நடந்து போகிறாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

'இதுலயாவது இருந்துட்டுப் போகட்டுமே மனுஷன்' என்று அங்கே அவரை வெட்டாமல் விட்டார். வீடியோ கொடுத்தவர் மூக்கை உடைத்துவிட்ட திருப்தி அவருக்கு.

மறுநாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவரைப் பார்த்து எடிட்டர் எழுந்தே விட்டார். அதே ஓரத்து மனிதர்!

"டிவிடி ரெடியா தம்பி?"

"அடப்பாவமே! உங்களையே வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பினாங்களா? யாருங்க அந்த ஆளு, கொஞ்சம்கூட மனசாட்சி இல்லாம?"

"யாரும் அனுப்பலையே. போன்ல பேசினது நான்தான்."

எடிட்டர் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ அந்தப் பொண்ணு...?"

"என் பொண்ணு."

எடிட்டர் தலையைச் சொறிந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரே ஒரு இடத்துல உங்களை விட்டு வெச்சுட்டேன்."

"எங்க? காட்டுங்க."

ஓட்டிக் காட்டினார். மகள் சிரித்தாள். பெரியவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தார்.

"இன்னொரு தடவை."

மறுபடியும் ஓட்டினார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு. வெட்டிடுங்க."

"என்ன சார் இது! பெத்த பொண்ணு கல்யாணம். அதுல அப்பா இல்லாம எப்படி?"

"இது அவ அம்மாவுக்கு, தம்பி. படுத்த படுக்கையா இருக்கா, கல்யாணத்துக்கு வர முடியலை. நாங்க பிரிஞ்சு எத்தனையோ வருஷமாச்சு. தப்பு என் பேர்லதான். என் மூஞ்சியைப் பாத்தா அந்த நிமிஷமே டிவியை அணைச்சிடுவா. பொண்ணு கல்யாணத்தையாவது அவ கடைசி வரைக்கும் பாக்கட்டுமே."