ஆறாவது பெட்டி

பேரணாம்பட்டில் அந்தத் தோல் கிடங்குக்குள் செல்போன் டவர் எட்டாது. அதனால் முபஷ்ஷிராவும் அவளுக்குக் கீழே வேலை செய்யும் ஆல்வினும் ஐந்து ரேடியோ பெட்டிகளைக் கொண்டுவந்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். காலியான அலைவரிசையை அவை தாமே தேடிப் பிடித்துக்கொள்ளும். தங்கள் வழியாகப் போகும் பேச்சைச் சேமித்தும் வைக்கும்; யாரையாவது கூப்பிட்டால், முன்பு வந்த பதிலின் பிரதி பக்கத்தில் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அந்தப் பெட்டியே அதைக் கொடுத்துவிடும்.

மதியம் ஆல்வின் ஒரு பெட்டியோடு வெளியே போயிருந்தபோது இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்பக்கம் கைப்பிடி கிடையாது. முபஷ்ஷிரா பெட்டியில் கூப்பிட்டாள்.

“ஆல்வின், கதவு சாத்திக்கிச்சு. வந்து தொற.”

ஓர் இருமல் கேட்டது. “தோ வர்றேன்க்கா.”

கால் மணி நேரமாகியும் அவன் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அதே இருமல், அதே பதில்.

திரையைப் பார்த்தாள். பதில் ஆல்வினிடமிருந்து வந்ததல்ல, சேமித்து வைத்திருந்த பிரதி. கொடுத்தது ஆறாவது பெட்டி. அது இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதாகக் காட்டியது.

தோல் அடுக்குகளுக்குப் பின்னால் தேடினாள். எதுவும் இல்லை. தன் குரல் இதுவரை கதவைத் தாண்டவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“வேணாம், வராத,” என்றாள் மெதுவாக.

இருமல் கேட்டது.

“வந்துட்டேன்க்கா.”

கதவு மூடியே இருந்தது.